பீரோவின் நடுத்தட்டு

மருத்துவமனையின் தட்டச்சு அறையை மூடுவதாகச் சொன்ன கடிதம் அரைப் பக்கம்தான் இருந்தது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் காதில் கேட்டு நோயாளியின் குறிப்பாக அடிப்பது எங்கள் வேலை. ஆறு பேர் இருந்தோம். எங்கள் அறை எக்ஸ்ரே இயந்திரத்துக்கு வேண்டுமாம். சொந்த லேப்டாப்பும் வைஃபையும் வைத்திருப்பவர்கள் வீட்டிலிருந்தே தொடரலாம். அதற்கு ஒரு சோதனை உண்டு. திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு, அரை மணி நேரம். குரல் மருத்துவமனையிலிருந்து நேராக ஓடும். இறக்கி வைத்துக்கொள்ள முடியாது. நடுவில் அறுந்துபோனால் வேலை இல்லை.

பன்னிரண்டு வருடமாக அந்த நாற்காலியில் இருந்தவள் நான். வேறு வேலை தெரியாது. பத்து நாள் இருந்தது. வீட்டில் லேப்டாப்பும் இல்லை, வைஃபையும் இல்லை.

என் கணவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் இடையில் என்னை ஷோரூமுக்குக் கூட்டிப் போனார். அங்கே லேப்டாப்புகளைக் கம்பியால் மேசையோடு கட்டியிருந்தார்கள். விற்பனையாளர் திரையில் ஓர் அருவியை ஓடவிட்டு நிறத்தைப் பாருங்கள் என்றார். கொஞ்சம் அடித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். எல்லா கீபோர்டும் ஒன்றுதான் என்றார். கணவர் விலைச் சீட்டைப் பார்த்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். எங்களிடம் இருந்தது அதில் பாதி. அதற்குள்ளேயே வைஃபையும் வர வேண்டும். மீதிக்குத் தவணை உண்டு என்றார்கள். கணவர் பேனாவைக்கூட எடுத்துவிட்டார். நான் வெளியே வந்துவிட்டேன்.

"விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும்" என்றேன்.

"உன் விரலுக்குத்தானே வாங்கறோம்" என்றார்.

கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ரிப்பேர் கடையைப் பற்றிச் சொன்னவர் எங்கள் அறையில் மூத்த தட்டச்சுக்காரர். கடையை நடத்துபவரை ஊரே ஸ்க்ரூ அக்கா என்றுதான் சொல்கிறது. கழற்றிய ஸ்க்ரூக்களை உதடுகளுக்கு நடுவே வரிசையாகப் பிடித்துக்கொண்டு வாய் ஓரத்தால் பேசுவார். பழகாதவர்களுக்குப் பயமாக இருக்கும், விழுங்கிவிடுவாரோ என்று.

படம் பார்ப்பாயா என்று கேட்டார். இல்லை என்றேன். கேம் ஆடுவாயா? இல்லை.

"அப்ப என்னதான் பண்ணுவ?"

"கேட்டு அடிப்பேன்."

அவர் மூன்று பழைய லேப்டாப்புகளை வரிசையாக வைத்தார். மூன்றையும் திறந்தார். திரைகள் இருட்டாகவே இருந்தன.

"கண்ண மூடிக்கிட்டு அடி" என்றார்.

நான் தினமும் முதலில் அடிக்கும் வரியை அடித்தேன். நோயாளி நல்ல நினைவோடு இருக்கிறார். காய்ச்சல் இல்லை. முதல் லேப்டாப்பில் விரல் சேற்றில் இறங்குவது போல இறங்கியது. இரண்டாவதில் இடைவெளிக் கட்டை கிறீச்சிட்டது. மூன்றாவதில் கீபோர்டு இருப்பதையே விரல்கள் மறந்துவிட்டன. வரி முடிந்த பிறகும் அடித்துக்கொண்டிருந்தேன்.

கண் திறந்தேன். மூடியில் கீறல்கள். ஏதோ அலுவலகத்தின் ஸ்டிக்கரைப் பாதி கிழித்த தடம். திரையின் மூலையில் மயிரிழை போல ஒரு கோடு.

"அந்தக் கோடு போகாது" என்றார். "பாக்காம இருந்தா உறுத்தாது."

பேட்டரியைப் புதிதாகப் போட்டுத் தருவதாகவும், உள்ளே இருக்கும் டிஸ்க்கை மாற்றினால் ஷோரூம் லேப்டாப்புக்குச் சளைக்காது என்றும் சொன்னார். வைஃபைக்கு எந்த பிளான் போடுவது என்று கேட்டேன். கேபிள்காரர் பெரிய பிளானைத்தான் போடச் சொல்லியிருந்தார்.

"சின்னதே போதும். குரல்தானே கேக்கப் போற, ஊருக்கே சினிமாவா காட்டப் போற? ஆத்துல போட்டாலும் அளந்து போடு."

மூன்றாவதையே வாங்கினேன். பின்னால் அலமாரியில் இதைவிட இரண்டு மடங்கு விலையில் ஒன்று பளபளவென்று இருந்தது. அவர் அதை எனக்குக் காட்டவே இல்லை. வீட்டுக்குப் போகும் வழியில்தான் அது எனக்கு உறைத்தது.

எங்கள் வீட்டில் மூன்று பேர். மூன்றாமவர் என் மாமனார். முப்பது வருடம் ஒரு வங்கியின் லாக்கர் அறைக்குக் காவல் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு அவரிடம் மிஞ்சியது ஓர் இரும்பு பீரோ. வீட்டில் காசு கொடுத்து வாங்கியது எதுவும் வெளியே கிடக்கக் கூடாது. வீட்டுப் பத்திரம், மாமியாரின் வளையல்கள், அவருடைய மாத்திரைகள், கூடுதல் பல்பு, கத்தரிக்கோல், நகவெட்டி எல்லாம் பீரோவுக்குள். சாவி அவர் இடுப்பில். நகம் வெட்ட மனுப் போட வேண்டும் என்பார் என் கணவர். எதற்கு, எவ்வளவு நேரம் என்று கேட்டுவிட்டுத்தான் மாமனார் கொடுப்பார். அரை மணியில் திரும்ப வாங்கிக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை கேபிள்காரர் வந்து வைஃபை பெட்டியைக் கூடத்தில் ஜன்னல் பக்கம் ஆணியில் மாட்டினார். பச்சை விளக்குகள் எரிந்தன. அவர் போன பிறகு மாமனார் அதன் எதிரே வெகுநேரம் நின்றார்.

"இவ்வளவு குடுத்து வாங்கினத ஜன்னல்ல தொங்க விடறதா?" என்றார்.

பீரோவைத் திறந்தார். நடுத்தட்டிலிருந்த பத்திரத்தைக் கீழே இறக்கினார். வளையல்களை மேலே ஏற்றினார். நடுத்தட்டு காலியானது. அந்த பீரோவில் ஒரு காந்தம் ஒட்டக்கூட அவர் யாரையும் விட்டதில்லை. இப்போது பக்கத்து வீட்டில் துளை போடும் இயந்திரத்தை இரவல் வாங்கி வந்து, பீரோவின் முதுகில் அவரே ஓட்டை போட்டார். ஒயர் கிழிபடாமலிருக்க விளிம்பை அரத்தால் ராவினார். பெட்டியை உள்ளே வைத்து, ஒயர்களை ஓட்டை வழியாக இழுத்து, பூட்டினார். கைப்பிடியை ஒருமுறை அசைத்துப் பார்த்தார்.

"உன் பொழப்பே இதுலதான இருக்கு. பத்திரமா இருக்கணும்மா" என்றார்.

திருமணமாகிப் பதினெட்டு வருடம். என்னுடையது என்று ஒரு பொருள் அந்த பீரோவுக்குள் போனது அன்றுதான். நான் சமையலறைக்குப் போய், கழுவிய டம்ளரை மறுபடி கழுவினேன்.

சனிக்கிழமை பின்னறையில் உட்கார்ந்து பழகிப் பார்த்தேன். பழகுவதற்கென்று மருத்துவமனை ஒரு பதிவு கொடுத்திருந்தது; அதுவும் அங்கிருந்து நேராக ஓடுவதுதான். காதில் டாக்டர் பேசினார். நோயாளிக்குத் தினமும் என்றார். நின்றார். மில்லிகிராம் என்றார். நடுவில் இருந்த எண் வரவில்லை. திரும்ப ஓடவிட்டேன். இந்த முறை எண் வந்தது, மருந்தின் பெயர் வரவில்லை.

"ஊகிச்சு அடி" என்றார் கணவர்.

"ஊகிச்சு அடிச்சா ஆள் போயிடுவான்."

மதியம் ஐந்து நிமிடம் மட்டும் தண்ணீர் போல ஓடியது. நம்பிக்கை வந்தது. பிறகு பழைய கதை. சாயங்காலத்துக்குள் இருபது தடவை அறுந்தது. லேப்டாப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். பழசை வாங்கினால் இப்படித்தான் என்று கணவர் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது தெரிந்தது. கடைசியில் சொல்லிவிட்டார். நாளைக்கே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஷோரூமில் கையெழுத்துப் போடலாம், தவணைக்கு இன்னொரு நடை கூட ஓட்டுகிறேன் என்றார். ஏற்கெனவே பொழுது விடியும் முன் கிளம்பி, பொழுது போன பிறகு வருகிறவர். நான் தலையாட்டினேன். மாமனார் எழுந்து போய் பீரோவின் கைப்பிடியை அசைத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை லேப்டாப்பைத் தலையணை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் ஸ்க்ரூ அக்காவைத் திட்ட வார்த்தைகள் சேர்த்தேன். வாசலில் அவர் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் மிஞ்சவில்லை. குரல் அறுகிறது என்று மட்டும் சொன்னேன்.

அவர் தன் கடை வைஃபையில் இணைத்தார். அதே பதிவை ஓடவிட்டார். டாக்டர் பேசினார். எண் வந்தது. மருந்து வந்தது. அரை மணி நேரம் ஒரு முறைகூட நிற்காமல் பேசிவிட்டு, நன்றி என்று முடித்தார். அக்கா அந்த அரை மணியும் ஒரு மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"வைஃபை பெட்டி எங்க இருக்கு?" என்றார், ஸ்க்ரூக்களுக்கு நடுவே.

"பீரோல."

"பீரோ மேலயா?"

"உள்ள."

திருகிக்கொண்டிருந்த கை நின்றது.

"என்ன பீரோ?"

"இரும்பு பீரோ."

"பூட்டியா வச்சிருக்கீங்க?"

"பூட்டித்தான்."

அவர் குனிந்து, உதடுகளிலிருந்த ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் எடுத்து வைத்தார். ஐந்து. எடுத்து முடித்த பிறகுதான் சிரித்தார். வாயில் ஸ்க்ரூ இருக்கும்போது சிரிக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடமாம். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரும்பு அலையை விடாது என்று விளக்கினார். சனிக்கிழமை மதியம் ஐந்து நிமிடம் நன்றாக வந்தது எனக்கு நினைவு வந்தது. மாமனார் மாத்திரை எடுக்க பீரோவைத் திறக்கும் நேரம் அது.

சிக்னலைக் கூட்டும் கருவி ஒன்று அவரிடம் விற்பனைக்கு இருந்தது. வேண்டுமா என்று நானே கேட்டேன்.

"எடுத்து வெளிய வை. வீட்டு நடுவுல, கொஞ்சம் உயரத்துல. அது போதும். காச வீணாக்காத" என்றார். பார்த்ததற்கும் ஒன்றும் வாங்கவில்லை. சிரித்ததற்குச் சரியாகிவிட்டது என்றார்.

வீட்டுக்கு வந்தேன். கணவர் ஷோரூமுக்குக் கிளம்பத் தயாராகச் சட்டை மாற்றியிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சட்டைப் பொத்தானைக் கழற்றியபடியே உள்ளறையைப் பார்த்தார். மாமனார் அங்கே பீரோவுக்கு எதிரே நாற்காலியில் இருந்தார்.

"நீயே சொல்லு" என்று கணவர் மெதுவாகச் சொன்னார். "ஓட்டையெல்லாம் போட்டாரு. நான் சொன்னா மனசு விட்டுப்போயிடும்."

சாப்பாடு ஆனது. சொல்லவில்லை. மாமனார் படுத்து எழுந்தார். சொல்லவில்லை. தேநீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

"மாமா, பெட்டிய வெளிய வைக்கணும்."

"எதுக்கு?"

"இரும்புக்குள்ள இருந்தா சிக்னல் வெளிய வராதாம். லேப்டாப்ல தப்பில்ல."

அவர் தேநீரைக் குடிக்கவில்லை. பீரோவையே பார்த்தார். நான் இன்னும் ஏதாவது சொல்லலாமா என்று யோசித்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

"லாக்கர் ரூம்ல போன் அடிக்காது" என்றார். "எம்பொண்டாட்டி ஆஸ்பத்திரில இருந்தப்ப, மணிக்கொரு தடவ மேல ஓடி வந்து போனப் பாத்துட்டு எறங்குவேன். சுத்தி இரும்பு. அவ்வளவும் தெரிஞ்சவன் நான். எனக்குத் தோணல பாரு."

டம்ளரைக் கீழே வைத்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். பெட்டியை இரண்டு கையாலும் வெளியே எடுத்தார். வீட்டின் நடுவில், நடையில், சுவரோடு ஒரு பலகை உண்டு. அதில் அவருடைய ரேடியோ இருக்கும். அவர் அதை இறக்கித் தரையில் வைத்தார். பலகையைத் தோள் துண்டால் துடைத்தார். பெட்டியை ஏற்றினார்.

"போய்க் கேட்டுப் பாரு" என்றார்.

பின்னறையில் போய்க் கேட்டேன். எண் வந்தது. மருந்து வந்தது.

திங்கள்கிழமை பத்து மணிக்குக் காதில் ஹெட்போனை மாட்டினேன். கணவர் முதல் நடையைத் தள்ளிப்போட்டு, லாரியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, வாசலில் நின்றார். கதவைத் தட்ட வந்த யாரோ ஒருவரைச் சைகையாலேயே திருப்பி அனுப்பினார். மாமனார் பலகைக்குக் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முழங்கால்களில் கைகள். முதுகு நேராக. லாக்கர் அறை வாசலில் அப்படித்தான் இருந்திருப்பார்.

டாக்டர் பேசினார். நான் அடித்தேன். இருபதாவது நிமிடம் குரல் நின்றது. விரல்கள் கீபோர்டுக்கு மேலே அப்படியே நின்றன. ஒன்று. இரண்டு. மூன்று. பிறகு டாக்டர் இருமினார். மன்னிக்கவும் என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

பத்தரைக்கு முடிந்தது. கால் மணி நேரத்தில் திரையில் ஒரு வார்த்தை வந்தது. தொடரலாம்.

நடைக்கு வந்தேன். மாமனார் எழுந்துகொண்டார்.

"எங்கயாவது நின்னுச்சா?"

"டாக்டர் இருமினாரு மாமா. அவ்வளவுதான்."

அவர் தலையசைத்தார். கணவர் வாசலிலிருந்தே என்னைப் பார்த்தார். தெருமுனைக்கு ஓடினார். லாரி கிளம்பும்போது ஹாரன் நீளமாக ஒரு முறை அடித்தது.

சாயங்காலம் ஸ்க்ரூ அக்காவிடம் போய் நன்றி சொன்னேன். வாய் நிறைய ஸ்க்ரூ. கண்ணால் கேட்டார். வெளியே வைத்துவிட்டோம் என்றேன். அவசரமாகத் திரும்பி, ஸ்க்ரூக்களைக் கையில் எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது பீரோ திறந்திருந்தது. நடுத்தட்டு காலி. அதில் ஒரு துணி விரித்திருந்தது.

"லேப்டாப்பு இரும்புக்குள்ள இருந்தா ஒண்ணும் ஆகாதே?" என்று மாமனார் கேட்டார்.

"ஆகாது மாமா."

"அப்ப வேலை முடிஞ்சதும் இங்க வை. சார்ஜர் ஒயர் அந்த ஓட்டைல வரும். போட்டுப் பாத்துட்டேன்."

வைத்தேன். கீறல் விழுந்த மூடியின் மேல் அவர் துணியின் ஒரு முனையை இழுத்து மூடினார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். பீரோவுக்கு இரண்டாவது சாவி இருப்பதே எனக்குத் தெரியாது. என் கணவருக்கும் தெரியாது.

"லாக்கர்னா ரெண்டு சாவி உண்டு" என்றார். "ஒண்ணு காவக்காரன்கிட்ட. ஒண்ணு உடையவங்ககிட்ட."

அவர் ரேடியோவை எங்கே வைப்பது என்று பார்க்கப் போனார். நான் பீரோவைப் பூட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறந்து, யாரையும் கேட்காமல் நகவெட்டியை எடுத்தேன். தட்டச்சுக்காரிக்கு நகம் வளரக் கூடாது.