அந்த ஒரு ஃபோல்டரை மட்டும்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. அண்ணி எழுதச் சொன்னார். அவரும் கதை கேட்கவில்லை.

"கஸ்டமர் மீட்டிங்ல நான் பேசணும். என்ன பேசுறதுன்னு எழுதிக் குடு. இல்லாததையெல்லாம் எழுதிப் பொழைக்கிறவன் நீதானே?"

கிண்டல் வழக்கமானதுதான். ஆனால் இந்த முறை சிரிக்காமல் சொன்னார். வெள்ளைத் தாள்களை என் பக்கம் தள்ளினார்.

(கதைக்குள் நுழைந்ததும் அண்ணி 'அவள்' ஆகிவிடுவார். மரியாதைக் குறைவு இல்லை, தொழில் அப்படி.)

2

முதல் தொடக்கம்: 'கணினிக் கோட்டையின் வாசலில் ஒற்றை ஆளாக நின்ற அவள்...'

நிறுத்துகிறேன். கோட்டையாவது வாசலாவது! குளிர்பதனம் ஓடும் ஓர் அறை, கிறீச்சிடும் ஒரு நாற்காலி, அவ்வளவுதான்.

இரண்டாவது: மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் அவள் சிஸ்டம் அட்மின். அங்குள்ள கணினிகளின் ஆபரேட்டிங் சிஸ்டம் எல்லாம் அவள் பொறுப்பு. யாருக்கு எந்த அனுமதி, எப்போது அப்டேட், வைரஸ் ஸ்கேனர் எதைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் 'பூட்டு'. முகத்துக்கு நேரே சொன்னால் 'பூட்டக்கா'.

நிரல் எழுதுகிறவர்களுக்கு அவள்மேல் ஒரே ஒரு குறை. எழுதியதை ஒரு ஃபோல்டரில் போட்டு ஓடும் மென்பொருளாக மாற்றும்போதெல்லாம் (கம்பைல் என்பார்கள்) ஸ்கேனர் குறுக்கே வந்து ஒவ்வொரு கோப்பாக மோந்து பார்க்கும். அது முடிவதற்குள் இவர்கள் டீ குடித்தே வயிறு ஊதிப்போனார்கள்.

"அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் விட்டுடச் சொல்லுங்க பூட்டக்கா, புண்ணியமாப் போகும்."

நச்சரிப்புத் தாங்காமல் ஒரு நாள் சரி என்றாள். பக்கத்து இருக்கையில் அப்போது ஒரு கான்ட்ராக்ட் இன்ஜினியர் இருந்தார். சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து சர்வர் அறைக்குள் போகிற மனிதர் என்பதால் அவருக்குப் பெயர் சைக்கிள்காரர்.

"மேடம், இது அவங்க டீமுக்கா, எல்லா மெஷினுக்குமா?"

"அவங்களுக்கு மட்டும்தான்" என்றாள் அவள். சொன்ன வாய் சரியாகத்தான் சொன்னது. அவசரத்தில் திரையில் தேர்ந்தெடுத்ததோ 'எல்லாக் கணினிகளும்'.

(புரியாதவர்களுக்கு: ஒரு வீட்டுக் காவலாளியிடம் 'அந்த அறைப் பக்கம் போகாதே' என்று சொல்லப் போனவள், ஊரிலுள்ள காவலாளிகள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.)

3

இன்று காலை ஒரு மருத்துவமனையிலிருந்து அழைப்பு. பேசிய டாக்டர் பேசவில்லை, கத்தினார்.

"ஸ்கிரீன் எல்லாம் கறுப்பாயிடுச்சு! பேஷண்ட் டேபிள்ல இருக்காரு, ரிப்போர்ட் எதையும் பாக்க முடியல! நேத்து நீங்க அனுப்பின அப்டேட்டப் போட்ட பிறகுதான் இப்படி!"

எல்லோரும் எழுதிய நிரல்களைச் சேர்த்து வாடிக்கையாளருக்கு அனுப்பும் பொதியாக மாற்றுவதற்கென்று அங்கே ஒரு கணினி உண்டு. அதைத் திறந்தாள். அங்கும் அதே ஃபோல்டர், ஸ்கேனர் எட்டிப் பார்க்காத ஃபோல்டர். அதற்குள் யாரோ முன்பின் தெரியாத ஒருவன் குடித்தனமே நடத்தியிருக்கிறான். அவன் வைத்த வைரஸையும் பொதியோடு சேர்த்துக் கட்டி, நிறுவனத்தின் முத்திரையையும் போட்டு, இவர்களே மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

ஸ்கேனருக்கு இந்த விதிவிலக்கைக் கொடுத்தது யார் என்று பார்த்தாள். அவள் பெயர்.

'அவள் தலையில் இடி...' வேண்டாம். இதைக் கேட்டபோது எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அவளுக்கு எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. அந்த நோயாளி இன்னும் ஆபரேஷன் அறைக்குள்தான் இருக்கிறார் என்பது மட்டும் தெரியும்.

4

மேலாளர் அவளிடம் போனில் சொன்னது இது:

"சைக்கிள்காரர்தான் போன மாசமே வேலைய விட்டுப் போயிட்டாரே. அவர் பண்ணினார்னு சொல்லிடுங்க. போன ஆளு வந்து சண்டையா போடப் போறாரு? உங்க வேலையும் தப்பிக்கும்."

இல்லாததை எழுதிப் பிழைக்கிறவன் நான் ஒருவன் மட்டுமில்லை என்று அப்போது புரிந்தது.

அண்ணிக்கு நான் எழுதிய முதல் தாளில் அவர் உண்மையைச் சொல்லி வேலையை இழக்கிறார். இரண்டாவதில் சைக்கிள்காரர் பெயரைச் சொல்கிறார். வேறு வேலை தேடிக்கொண்டிருக்கும் அந்த மனிதரை இனி எவனும் உள்ளே விடமாட்டான். மூன்றாவது எனக்குப் பிடித்தது. அதில் எந்தப் பாதுகாப்பும் எடுபடாத ஒரு மகா திருடனை உருவாக்கியிருந்தேன். படித்துவிட்டு அண்ணி கேட்டார்:

"நல்லாத்தான் இருக்கு. இதுல நான் எங்கடா?"

5

இப்போது ஆன்லைனில் மீட்டிங் தொடங்கிவிட்டது. அவள் லேப்டாப்பின் முன்னால் இருக்கிறாள். மூன்று தாள்களோடு நான் அறை வாசலில் நிற்கிறேன்.

"சொல்லுங்க மேடம்" என்கிறார் மேலாளர். "யாரு பண்ணினது?"

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடிக்கிறது. திரையில் சைக்கிள்காரர் பெயர். மீட்டிங் மைக்கை அணைத்துவிட்டு எடுக்கிறாள், ஸ்பீக்கரில்.

"மேடம், ஆஸ்பத்திரி விஷயம் இப்பதான் கேள்விப்பட்டேன். ஒண்டியா கெடந்து சமாளிக்காதீங்க. அந்த மெஷின் எனக்குப் பழக்கம்தானே? பக்கத்துலதான் இருக்கேன், வரட்டுமா?"

அவள் என்னைப் பார்க்கிறாள். என்னிடம் இருப்பது இந்தத் தாள்கள்தான். கிழித்துவிட்டேன்.

"மேடம், கேக்குதா?" என்கிறது லேப்டாப்.

வாசகரே, அந்த நாற்காலியில் இனி நீங்கள் உட்காருங்கள். மீட்டிங்கில் இருப்பவர்கள் கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் இந்த மனிதருக்குப் பதில் சொல்லுங்கள், வரட்டுமா என்று கேட்கிறார்.