கப்பல் பெயர் இல்லாத கல்

கெம்ப்டன் கல்லறைத் தோட்டத்தில் எந்தக் கல்லைப் பார்த்தாலும் ஒரு கப்பல் இருக்கும். இன்னார், இன்ன ஆண்டு, இன்ன கப்பலில் வந்தார் என்று பெயருக்குக் கீழே செதுக்கி வைப்பது எங்கள் தாஸ்மேனியாவில் பழைய குடும்பங்களுக்கு ஒரு பெருமை. எந்தக் கப்பல் கனவான்களை ஏற்றி வந்தது, எது கைதிகளைக் கொண்டுவந்து கொட்டியது என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் கப்பல் இல்லாத கல்லை ஊர் கொஞ்சம் உற்றுப் பார்க்கும்.

டூஹி குடும்பத்துக் கல்லில் கப்பல் கிடையாது. 'டெர்மட் டூஹி, 1843–1922. சுதந்திர மனிதராக இத்தீவுக்கு வந்தவர்.' பொய் என்று சொல்ல முடியாது. நாலு வயதுப் பிள்ளையை யார் கைதி என்பார்கள்? கைதியாக வந்தது அவனைக் கையில் பிடித்து அழைத்து வந்த அம்மா, ஹனோரா. அயர்லாந்தில் பஞ்சம் வந்த வருடம் ஒரு ஆட்டைத் திருடினாள். பத்து வருடம் நாடுகடத்தல் தண்டனை.

கல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதால் அதை நிமிர்த்திப் பழைய எழுத்தைத் திரும்பச் செதுக்க ஆள் வரப்போகிறார். அப்படியே ஹனோராவின் பெயரையும் சேர்த்துவிட வேண்டும் என்று டெர்மட்டின் பேத்தி வெர்னா ஒற்றைக் காலில் நின்றாள். குடும்பத்தில் மூத்தவர், அவள் அண்ணன் மெர்வின் கையெழுத்துப் போடாமல் கல்லில் உளி வைக்க முடியாது. மெர்வின் போட மாட்டேன் என்றார்.

அவருக்கும் காரணம் இருந்தது. தாத்தா டெர்மட் சாகும்போது மெர்வினுக்கு ஆறு வயது. தாத்தா ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதியம் சாப்பிட மாட்டார். வாசல் கதவோரம் நாற்காலி போட்டுச் சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டால் எரிந்து விழுவார். கப்பலை விட்டு இறங்கிய உடனே அவரைத் தாயிடமிருந்து பிரித்து ஹோபார்ட்டை ஒட்டிய நியூ டவுன் அநாதைப் பள்ளியில் விட்டிருந்தார்கள். ஞாயிறுதோறும் சில பிள்ளைகளுக்கு அம்மாக்கள் வருவார்கள். எட்டு வருடத்தில் அவருக்கு ஒருத்தியும் வரவில்லை. குடும்ப பைபிளின் முதல் பக்கத்தில் இருந்த அம்மாவின் பெயரை அவரே பேனாக்கத்தியால் சுரண்டி எடுத்தார். "அந்தப் பேரு இந்த வீட்டுக்கு வேண்டாம்டா" என்று அவர் சொன்னது மெர்வினுக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"அவரு வேண்டாம்னு சுரண்டினதை அவரு தலைமாட்டுலயே கொண்டுபோய் எழுதச் சொல்றியா?" என்றார் மெர்வின்.

"ஒரு தடவை என்கூட ஹோபார்ட்டுக்கு வாண்ணே. அவளோட நடத்தைப் பதிவு ஆவணக் காப்பகத்துல இருக்கு. பாத்துட்டு வேண்டாம்னு சொல்லு. அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்."

"நீ வாயே திறக்க மாட்டியா? அதுக்காகவாவது வரேன்."

வெர்னாவின் காரில் போனார்கள். கெம்ப்டனுக்கும் ஹோபார்ட்டுக்கும் இடையே முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டிய மனிதரை இன்னொருவர் வண்டியில் உட்கார வைப்பது பெரிய கொடுமை. வழி முழுக்க இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

காப்பகத்தில் படச்சுருளைப் பொருத்தித் திரையில் அந்தப் பக்கத்தைக் காட்டினார்கள். மேலே ஹனோராவின் உயரம், கண் நிறம், இடது புருவத்தில் தழும்பு. கீழே வரிசையாகக் குற்றங்கள். மெர்வினுக்குப் பார்வை மங்கல். அந்தக் கோணல் எழுத்தை வெர்னாவே படித்தாள். வடக்கே லான்செஸ்டனில் வாழ்க்கைப்பட்டு நாற்பது வருடம் அங்கேயே இருந்துவிட்டவள் அவள்; இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்கள் அவளுக்கு அவ்வளவு பழக்கமில்லை.

"தண்டனைக் காலத்துல கெம்ப்டன் பண்ணையில வேலைக்காரியா விட்டிருக்காங்க. 1848, மார்ச். அனுமதியில்லாம வெளியே போனாள். பாக்தாத்துல பிடிபட்டாள். ஆறு நாள் தனியறை, ரொட்டியும் தண்ணியும்."

ஈராக்குக்கெல்லாம் போகவில்லை. பாக்தாத் என்பது கெம்ப்டனுக்கு அடுத்த நிறுத்தம்.

"ஓடுகாலி. குடிகாரின்னு நம்ம அப்பா சொன்னது சரிதான், குடிக்கப் போயிருப்பா" என்றார் மெர்வின்.

"செப்டம்பர். அனுமதியில்லாம வெளியே போனாள். பிரிட்ஜ்வாட்டர்ல பிடிபட்டாள். பத்து நாள்." வெர்னாவின் குரல் இறங்கிக்கொண்டே போனது. முதல் முறை இதைப் படித்தபோது அவளுக்கும் அவமானமாகத்தான் இருந்தது. "மறு வருஷம் ஜனவரி. மறுபடியும் பிரிட்ஜ்வாட்டர். முப்பது நாள்."

மெர்வின் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அங்கதான் ஆறு. தாண்டுற இடத்துல காவல் இருக்கும், அனுமதிச் சீட்டு கேப்பான். ரெண்டு தடவையும் அங்கயே மாட்டியிருக்கா." கண்ணை மூடிக்கொண்டார். "அடுத்தது எங்க? பெரிடேலா, கிளெனார்கியா?"

வெர்னா திரும்பி அவரைப் பார்த்தாள். "கிளெனார்கி. அண்ணே, உனக்கு எப்படித் தெரியும்?"

"படி நீ."

"1850, மே. கிளெனார்கியில பிடிபட்டாள். ரெண்டு மாசம், துணி துவைக்கிற கடுவேலை. திருந்தாத நடத்தைன்னு எழுதியிருக்கான்."

"அதுக்கப்புறம் நியூ டவுன்" என்றார் மெர்வின். "இதெல்லாம் என்னோட நிறுத்தம் வெர்னா. இதே வரிசையிலதான் நான் வண்டியை நிறுத்துவேன். கெம்ப்டன்லேருந்து நியூ டவுன் இருபத்தஞ்சு மைல். நடந்து போயிருக்கா. பிடிச்சு உள்ள போட்டா, வெளிய வந்து மறுபடியும் முதல்லேருந்து நடந்திருக்கா."

வெர்னா கடைசிக் குற்றத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். "1850, நவம்பர், ஞாயிற்றுக்கிழமை. நியூ டவுன், அநாதைப் பள்ளி மதில் ஓரம் பிடிபட்டாள். மூணு மாசம் கடுவேலை. அதுக்கப்புறம் தீவோட வடக்குக்கு அனுப்ப உத்தரவு." அதற்குக் கீழே ஒரே வரிதான் இருந்தது. 1852-இல் லான்செஸ்டன் மருத்துவமனையில் காய்ச்சலில் இறந்தாள்.

மெர்வின் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அறுபத்தைந்து வயது மனிதர் நாலு பேர் பார்க்க அழுதார். ஞாயிற்றுக்கிழமை மதில் ஓரம் வரை வந்திருக்கிறாள். உள்ளே பையன் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். எழுபத்தொன்பது வயது வரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான், அவனிடம் ஒருவரும் சொல்லவில்லை.

"தாத்தாவுக்குத் தெரியாமலே போச்சு" என்றார் அவர். "வந்துக்கிட்டேதான் இருந்திருக்கா."

திரும்பும் வழியில் அவர் பிரேக்கை மிதிக்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்தபடி ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தார்.

அடுத்த வாரம் செதுக்குகிறவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். மெர்வின் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 'ஹனோரா டூஹி, டெர்மட்டின் தாய்' என்று செதுக்குகிறவர் எழுதிக்கொண்டு, வழக்கம்போலக் கேட்டார். "எந்தக் கப்பல்லங்க வந்தாங்க?"

வெர்னா வாயெடுப்பதற்குள் மெர்வின் சொன்னார். "கப்பல் வேண்டாம். கெம்ப்டனிலிருந்து நியூ டவுனுக்கு நடந்து வந்தாள்னு போடுங்க."