ஹாரன் அடிக்கும் வரை

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் செல்போன் மேல் வந்த கோபத்தில் பிறந்தது. தினமும் ஒரு பக்கம் எழுதப் பழக்கும் செயலி என்று ஒன்றை என் தங்கை மகன் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். எழுதிய நாளுக்குப் பச்சைப் புள்ளி வைக்கும். எழுதாத நாளில், சாயங்காலம் ஆனதும், “உங்களைக் காணவில்லையே” என்று கேட்கும். எங்கேடா போவேன், போடியிலேதான் கிடக்கிறேன்! கொஞ்ச நாள் பச்சையாகவே வந்தது. பக்கத்தில் தேவாரம் என்கிற ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போனதில் ஒரு புள்ளி விட்டுப் போயிற்று. அந்த ஒரு ஓட்டையைப் பார்க்கப் பிடிக்காமல் செயலியையே அழித்துவிட்டேன்.

ஒன்று போனதற்கு எல்லாவற்றையும் ஏன் அழித்தேன்? இதை யோசித்துக்கொண்டு வாசலில் நின்றபோது எதிர்வீட்டில் சிவரஞ்சனி* புத்தகத்தை வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

(* அவள் பேர் இதில்லை. “கதையில வர்றதுன்னா நல்ல பேரா வைங்கண்ணே” என்று அவளே தேர்ந்தெடுத்தது.)

2

தொடக்கங்கள்:

“போடிமெட்டில் பனி இறங்கிக்கொண்டிருந்த காலையில், யோகராஜ் ஓடுவதற்கான காலணியை மாட்டி…”

[வேண்டாம். யோகராஜ் ஓர் ஏலக்காய் வியாபாரி. விடியுமுன் எழுவார், ஓடுவார், தியானம் செய்வார், அன்றைய சோலியை வரிசைப்படுத்துவார், அப்புறம்தான் ஏலத்துக்குப் போவார். நாலு பக்கம் எழுதிப் பார்த்தேன். மனுசன் எதிலும் தவற மாட்டேன் என்கிறார். இவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?]

“விடாமுயற்சி என்பது…”

[சீ! பள்ளிக்கூட ஆண்டு மலர்.]

“சிவரஞ்சனிக்கு இதுதான் கடைசித் தடவை.”

இது இருக்கட்டும்.

3

சிவரஞ்சனிக்கு இதுதான் கடைசித் தடவை. குரூப் ஃபோர் பரீட்சை எழுத அவளுக்கு இருக்கிற வயசு வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. பாஸானால் ஏதாவது ஒரு ஆபீசில் நாற்காலி. இல்லையென்றால் மலைச்சரிவில் ஏலக்காய் எடுப்புதான், முழங்கால் விடுகிற வரைக்கும். ஏலச்செடிக்குக் காய் தூரில் பிடிக்கும். ஈரத்தில் குத்தவைத்துத்தான் எடுக்க வேண்டும். அவள் முழங்கால் இப்போதே மாடிப்படி ஏறும்போது சத்தம் போடுகிறது.

காய் எடுக்கப் போகும் பெண்களை மேலே கொண்டுபோவது ஜஹாங்கீரின் ஜீப்பு. விடியும் நேரத்தில் தெருமுக்கில் வந்து நின்று ரெண்டு ஹாரன் அடிப்பார். அதற்குள் வந்து ஏறாதவர்களுக்கு அன்றைக்குச் சம்பளம் இல்லை. யாருக்காகவும் காத்திருக்க மாட்டார், சொந்த மச்சினியையே விட்டுவிட்டுப் போனவர்.

சோற்றுக்கு உலை வைத்ததும் சிவரஞ்சனி கைடைத் திறப்பாள். ஹாரன் கேட்கிற வரைக்கும் படிப்பாள். அவ்வளவுதான் அவளுடைய முறை. யாரும் சொல்லித் தரவில்லை, எந்தப் புள்ளியும் வைக்கவில்லை. போன ஆடியில் தொடங்கியது, எடுப்பு நடந்த மாதங்கள் முழுக்க விடாமல் நடந்தது. காய்ச்சல் வந்த அன்றைக்குக்கூட ரெண்டு பக்கம் படித்திருக்கிறாள். எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

ஜீப்பில் கூட வருகிற சுருளியம்மாள் சும்மா விடுவாளா? “ஏத்தா, நீ தாலுகா ஆபீசுக்குப் போனதும் எங்களையெல்லாம் வெளியிலயே நிக்க வைப்பியா?”

“ஒன்னைய மட்டும் நிக்க வைப்பேன். மத்தவுகளுக்குச் சேரு” என்பாள் இவள்.

4

தை கடைசியில் எடுப்பு முடிந்தது. ஜீப்பு வரவில்லை.

[இந்த இடத்தில் ‘அமைதி’ பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. கதைக்கு வேண்டாம்.]

நான் நினைத்தேன், இனிமேல் அவளுக்கு நாள் முழுக்கக் கிடைக்கும், பிய்த்து உதறிவிடுவாள் என்று. அவளும் அப்படித்தான் நினைத்தாள். முதல் நாள் காலையில், “நாளு பூராக் கெடக்கு, என்ன அவசரம்?” என்று துணியை ஊற வைத்தாள். ரேஷன் கடை, கரண்டு பில்லு, நாத்தனார் வந்தது என்று பொழுது போய்விட்டது. மறுநாள் ரெண்டு நாள் பாடத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதை நினைத்தாலே அலுப்பாக இருந்தது. அடுத்த நாள் மூன்று நாள் பாடம். மாசி பாதியில் கைடு பீரோ மேல் போய்விட்டது. கீழே இருந்தால் கண்ணில் படுகிறதாம்.

சோம்பேறி என்று அவளைச் சொல்ல யாருக்கு வாய் வரும்? அந்த மாதத்தில் வீட்டுக்கு வெள்ளையடித்தாள், கொல்லையில் அவரைப் பந்தல் போட்டாள். படிப்பைத் தவிர எல்லாம் நடந்தது. நேரம் இல்லாதபோது படித்தவளுக்கு நேரம் தாராளமாகக் கிடைத்ததும் கை ஓடவில்லை. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஓய்வுபெற்றபின் நாவல் எழுதுவேன் என்று ஆபீசில் எல்லோரிடமும் சொன்னவன் நான். ஓய்வு கிடைத்தது.

5

பங்குனியில் அவள் ஜஹாங்கீரைப் பிடித்தாள். எடுப்பு இல்லாத காலத்தில் அவர் ஜீப்பில் மேலே உரமூட்டை லோடு போகும். போகிற வழி எங்கள் தெருமுக்குதான்.

“அண்ணே, போறப்ப ரெண்டு ஹாரன் மட்டும் அடிச்சுட்டுப் போங்க. அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குப் படிப்பு ஓடும்.”

“அடிச்சுட்டாப் போச்சு. ஹாரன் என்ன, டீசலா குடிக்குது?” என்றார் அவர்.

மறுநாள் கைடை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். ஹாரன் அடித்ததும் திறக்க வேண்டும் என்று திட்டம். அடித்தது. சிவரஞ்சனி எழுந்தாள், அடுப்பை அணைத்தாள், தூக்குவாளியை எடுத்தாள், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஓடிப்போய் ஜீப்பின் பின்னால் உரமூட்டைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

ஜஹாங்கீர் திரும்பிப் பார்த்தார். “எங்க தங்கச்சி கெளம்பிட்ட? மேல என்னா எடுக்கப் போற, சாணியா?”

அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே இறங்கியவள் வீட்டுக்குள் வந்ததும் அழுதாள். இந்தப் புத்தி உள்ள நான் என்னத்தைப் பாஸாகப் போகிறேன் என்றுதான் அழுகை.

[இங்கே அவளுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டதாக எழுத எனக்கு ஆசை. பொய். மறுநாளும் ஓடினாள்.]

மூன்றாம் நாள்தான் பிடிபட்டது. அந்தச் சத்தம் ஒருநாளும் அவளைப் படிக்கச் சொன்னதில்லை. போதும், எழுந்திரு என்றுதான் சொல்லியிருக்கிறது. அவளை உட்கார வைத்தது, யாரோ எந்த நேரமும் வந்து எழுப்பிவிடுவார்கள் என்கிற பயம். அதுக்குள் ரெண்டு பக்கம் பார்த்துவிடலாம் என்கிற அவசரம்.

“அண்ணே, லோடு ஏத்திட்டு வாங்க, எப்ப வருவீகன்னு எங்கிட்டச் சொல்லாதீங்க” என்றாள். உலை வைத்ததும் தொடங்குவது, ஹாரன் வரைக்கும் படிப்பது. அவரும் ஒருநாள் வெரசா வந்தார், ஒருநாள் வெயில் ஏறி வந்தார். கைடு பீரோவை விட்டு இறங்கிவிட்டது.

6

முடிவுக்கு வந்துவிட்டோம். சித்திரையில் ரெண்டு எழுதினேன்.

அ. பாஸாகிறாள். பக்கத்து ஊர் ஆபீசில் வேலை. சுருளியம்மாள் முதல் நாளே வந்து நிற்கிறாள்.

ஆ. கொஞ்ச மார்க்கில் போய்விடுகிறது. மழை விழுந்து எடுப்பு தொடங்குகிறது, ஜீப்பில் ஏறுகிறாள்.

நல்லதைத்தானே முதலில் காட்டுவோம்? ‘அ’வைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். வாசித்து முடித்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்கு எந்தப் பரிசும் அவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை.

ரெண்டு நாள் கழித்து அந்தத் தாள்களோடு வந்து நின்றாள்.

“அண்ணே, கோவிச்சுக்கிறாதீங்க. இதைக் கிழிச்சுப் போடுங்க.”

“ஏம்மா, நல்லா இல்லையா?”

“ரொம்ப நல்லா இருக்கு. அதான் வம்பு. படிச்சதுலருந்து வேலை கெடைச்சிட்ட மாதிரியே இருக்கு. நேத்தும் முந்தாநாளும் புஸ்தகத்தைத் தொடவே இல்ல. ஹாரன் அடிச்சப்ப, என்னா சேலை கட்டிக்கிட்டு ஆபீஸ் போறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.”

வெட்கமாகப் போயிற்று. அவளிடம் இருந்த ரெண்டு காலைப்பொழுதை என் கதை தின்றிருக்கிறது.

“அப்ப இன்னொண்ணு இருக்கு…” என்று இழுத்தேன்.

“பெயிலா?” அவள் குரல் இறங்கிவிட்டது. “அதைக் காட்டவே காட்டாதீங்கண்ணே. எனக்குத் தாங்காது.”

ரெண்டையும் அவள் கண் முன்னாலேயே கிழித்தேன். மூன்றாவது ஒன்று எழுதட்டுமா என்று கேட்டதற்கு, “ஆடியில பரீட்சை முடியுற வரைக்கும் ஒண்ணும் எழுதாதீங்க” என்றாள். கும்பிடவும் செய்தாள், எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

அதனால் இந்தக் கதை இத்தோடு நிற்கிறது. உங்களுக்குள் ஒரு முடிவு இந்நேரம் வந்திருக்கும். நல்ல மனசுக்காரர் என்றால் நல்லதாகவே வந்திருக்கும். அதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். போடிப் பக்கம் வந்து அவளைப் பார்க்க நேர்ந்தால், வாழ்த்துகூடச் சொல்லிவிடாதீர்கள். பரீட்சை இன்னும் நடக்கவில்லை.