பின்சீட்டுக்காரர்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் வரும் லென்னார்ட் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஜெர்மனியில், காஸல் நகரத்தில் பத்தொன்பது வருஷம் சைக்கிளில் சுற்றிவிட்டு, நாற்பத்தாறு வயதில் கார் ஓட்டப் பழகினேன். தேர்வில் என்னை ஃபெயிலாக்கியவர் அவர்தான். ஆகவே அவரைப் பற்றி நல்லதாக ஏதும் எழுதினால் நம்புங்கள். கெட்டதாக எழுதினால் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நகைச்சுவைப் படத்துக்காகத்தான் இதை முதலில் எழுதினேன். தயாரிப்பாளர் படித்துவிட்டு, "மகன் ஒரு ஆணைக் காதலிக்கிறான்னு தெரிஞ்சதும் அப்பா குதிக்கணுமே, அது எங்க?" என்றார்.

குதித்தார். ஆனால் அதற்காக இல்லை.

2

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், ஹென்னிங் மனம் உடைந்து

(வேண்டாம். பயிற்சி நேரத்தில் எனக்கு இதையெல்லாம் சொன்னவனே ஹென்னிங்தான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.)

ஹென்னிங்குக்கு முப்பத்துநாலு வயது. அப்பா எக்ஹார்ட் நடத்தும் டிரைவிங் ஸ்கூலில் ஆசிரியர். தேர்வு நாளில் மாணவர் ஸ்டியரிங்கில், அவன் பக்கத்து சீட்டில், தேர்வாளர் பின்சீட்டில். அப்படி வந்து உட்கார்ந்த லென்னார்ட்டை அவனுக்குப் பிடித்துப்போயிற்று. அவருக்கும் அப்படியே. வெளியே சொன்னால் லென்னார்ட்டை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று எட்டு மாதம் ஓடிவிட்டது.

அந்த எட்டு மாதத்தில் லென்னார்ட் தேர்வு வைத்த ஹென்னிங்கின் மாணவர்கள் ஏழு பேர் வரிசையாக ஃபெயில். (ஆறாவது ஆள் நான்.)

எக்ஹார்ட் ஒரு புகார்க் கடிதத்தோடு வந்து நின்றார்.

"கையெழுத்துப் போடுடா. அந்த ஆளுக்கு உன்மேல என்னமோ இருக்கு."

"இருக்குதான்பா," என்றான் ஹென்னிங். கையெழுத்து மட்டும் போடவில்லை.

3

அன்று சாயங்காலம் லென்னார்ட் சூப்புக்குப் பூசணி நறுக்கிக்கொண்டிருந்தார்.

"உண்மையச் சொல்லு," என்றான் ஹென்னிங். "வேற ஸ்கூல் பசங்களா இருந்தா பாஸ் போட்டிருப்பியா?"

"சிலருக்கு."

"எத்தனை பேருக்கு?"

"மூணு பேருக்கு." கத்தியைக் கீழே வைத்தார். "உனக்காகப் பாஸ் போட்டுருவேனோன்னு பயம். அந்தப் பயத்துல சின்னத் தப்பெல்லாம் பெருசாத் தெரிஞ்சுது."

"உன் நேர்மைக்கு என் பசங்கதான் கெடச்சாங்களா?"

லென்னார்ட் திமிராகத் தோளைக் குலுக்கினார்.

(பொய். கோபத்தில் எழுதிவிட்டேன். அவர் அழுதார்.)

மறுநாள் காலை அவரே தன் மேலதிகாரிகளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, கோட்டிங்கன் என்ற வேறு ஊருக்கு மாற்றினார்கள். மூன்று பேருக்கு மறுதேர்வுக் கடிதம் வந்தது. எனக்கு வரவில்லை. ஆக, நான் ஃபெயிலானது நியாயம்தான். கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

4

அதே நாளில் ஹென்னிங் அப்பாவிடம் சொன்னான். இப்போதுதான் எக்ஹார்ட் குதித்தார்.

"யாரையாவது வீட்டுக்குக் கூட்டிட்டு வாடான்னு பத்து வருஷமா நான்தானே கெஞ்சிட்டிருக்கேன்! ஊர்ல இத்தனை ஆம்பளைங்க இருக்க, தேர்வாளர்தானா கெடச்சான்?"

"தேடிப் பிடிக்கலப்பா. அதுவா அமைஞ்சுது."

"ஏழு பேருடா! அதுல ஒரு பொண்ணு கார்லயே உக்காந்து அழுதா. நான்தான் தண்ணி கொடுத்தேன். அவ வேலையே லைசென்ஸ நம்பித்தான் இருந்துச்சு, தெரியுமா?"

மூன்று வாரம் இருவரும் வகுப்பு நேரத்தைத் தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை. அந்தப் பெண் மறுதேர்வில் பாஸான அன்று, எக்ஹார்ட் மகனைப் பார்க்காமலே சொன்னார்: "ஞாயித்துக்கிழமை கேக் வாங்கி வை. அந்த ஆளைக் காப்பிக்கு வரச் சொல்லு. ரயில் ஸ்டேஷனுக்கு நானே போய்க் கூட்டிட்டு வரேன்."

5

ஸ்டேஷன் வாசலில் எக்ஹார்ட் சாவியை நீட்டினார். "நீங்க ஓட்டுங்க."

தான் ஆசிரியர் சீட்டில், காலடியில் இன்னொரு பிரேக்கோடு, உட்கார்ந்துகொண்டார். "இடப்பக்கம் திரும்புங்க." "வேகத்தைக் குறைங்க." வேறு பேச்சே இல்லை. இங்கே 'நீங்க' மரியாதை மட்டுமில்லை, நடுவில் போட்ட வேலியும்கூட. 'நீ' என்று சொல்லி வேலியை எடுக்கும் உரிமை பெரியவருக்குத்தான்.

சிக்னலில் லென்னார்ட் சொன்னார்: "நான் செஞ்சது தப்பு. உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

"எங்கிட்ட எதுக்கு? அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"மூணு பேர் வீட்டுக்கும் போனேன். ஒருத்தர் கதவைச் சாத்திட்டார்."

"சாத்தத்தான் செய்வாங்க," என்றார் எக்ஹார்ட். ஆனால் பிரேக்கின் மேல் வைத்திருந்த காலை எடுத்துவிட்டார்.

தெருமுனை வந்தது. இடப்பக்கம் மறுபடி ஸ்டேஷன். வலப்பக்கம் வீடு, ஜன்னலில் ஹென்னிங். எக்ஹார்ட் இடப்பக்கம் காட்டியதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். என் கோபத்துக்கு அது பிடித்திருந்தது. அடித்துவிட்டேன். அவர் கை வலப்பக்கம்தான் காட்டியது, அதை நான் மாற்ற மாட்டேன். காட்டிக்கொண்டே வாயைத் திறந்து சொன்னது 'திரும்புங்க'வா, 'திரும்பு'வா? அதை மட்டும் உங்களிடம் விடுகிறேன்.

பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடிக்கிறது. சீக்கிரம் சொல்லுங்கள்.