ஏணியைக் கிடத்திய பிறகு

செக்கிலிருந்து வந்த எண்ணெயை வர்தே தன் கையாலேயே சாடியில் ஊற்றினாள். பச்சை மாறாத புது ஒலிவ எண்ணெய். மணமே தொண்டையைக் கமறவைத்தது. ஏறிக்கொண்டே வந்த எண்ணெய், சாடியின் கழுத்தில் கீறியிருந்த கோட்டுக்கு நாலு விரற்கடை கீழே நின்றுவிட்டது. தகரத்தைக் கவிழ்த்துத் தட்டினாள். கடைசிச் சொட்டும் விழுந்தது. நாலு விரற்கடை அப்படியேதான் இருந்தது.

அந்த மலையூரில் கிறிஸ்தவ வீடுகள் பன்னிரண்டு. ஜார்ஜியார் கோயில் பலிபீடத்துத் தீபத்துக்கு ஆண்டுக்கு ஒரு வீடு எண்ணெய் கொடுக்கும். சொந்த மரத்து எண்ணெயாக இருக்கவேண்டும், சாடி கோடுவரை நிறையவேண்டும். நிறைந்தால் அந்த ஆண்டு முழுக்க ஞாயிறு பூசையில் அந்த வீட்டுத் தலைவரின் பெயரை வாசிப்பார்கள். குறைந்தால் முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

வர்தேயின் கணவன் மித்ரி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. அவன் பெயரை ஊர் கேட்கச் சொல்ல இந்தச் சாடியை விட்டால் வழி இல்லை. அடுத்த முறை வர இன்னும் பன்னிரண்டு வருடம் காத்திருக்கவேண்டும். அவளுக்கு இப்போதே அறுபத்தொன்று.

"என்ன புள்ள, சாடியையே முறைச்சுப் பாத்துக்கிட்டு நிக்கிற? முறைச்சா எண்ணெய் ஊறுமா?"

நாத்தனார் ஹெலானே, மித்ரியின் அக்கா. அவளுடைய மூட்டைகள் செக்குவாசலில் வரிசையாக நின்றன.

"நாலு விரல் குறையுது மதினி."

"காய்க்காத வருஷத்துல முறை வந்தா யார்தான் என்ன செய்வா! உனக்கு இருக்கிறதே நாலு மரம். அடுத்த முறை எங்க வீடுதானே. ஒரு வார்த்தை சொல்லு, நான் நிரப்பிடுறேன்."

"நிரப்பினா யார் பேரை வாசிப்பாங்க?"

"எங்க வீட்டுக்காரர் பேரைத்தான். முறைன்னா முறைதானே?"

"அப்ப சாடிய நானே நிரப்பிக்கிறேன்."

"எதால? கண்ணீராலயா?"

செக்குக்காரன் உள்ளிருந்து குரல் கொடுத்தான். "நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் செக்கு ஓடும் அத்தை. ஒரு கூடை இருந்தாலும் கொண்டு வாங்க, ஆட்டித் தர்றேன்."

ஒரு கூடை. வர்தேக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும். கிழக்கோர மரத்தின் மேல் கிளையில் இருந்தது.

வேறு கிளைகள் பொய்த்தபோதும் அந்தக் கிளை காய்த்திருந்தது. அவள் தொடாமல் விட்டிருந்தாள். ஒரு மரத்துக்கு ஒருமுறைதான் ஏணி வைப்பது அந்த ஊர் வழக்கம். காயை உதிர்த்து முடித்ததும் ஏணியைத் தலைமாடு பாதையைப் பார்க்கக் கிடத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு மரத்தில் இருப்பதெல்லாம் பொறுக்க வருகிறவர்களுக்கு: விதவைக்கு, அநாதைக்கு, வழிப்போக்கனுக்கு. ஒலிவ மரத்தை உதிர்த்த பிறகு கொம்பிலே தப்பியிருக்கிறதைத் திரும்பப் பறிக்காதே என்று மோசே சொன்னது சொன்னதுதான்.

"நானும் விதவைதானே?" என்று அவள் மலைப்பாதையில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே அது சப்பைக்கட்டு என்று தெரிந்தது.

தோப்பில் யாரும் இல்லை. நேற்றுக் கிடத்திய ஏணி அப்படியே கிடந்தது. அதைத் தூக்கி நிறுத்தி, கூடையை முழங்கையில் மாட்டிக்கொண்டு ஏறினாள். வர்தே குள்ளம். கடைசிப் படியில் நின்று எக்கினால்தான் கிளை கைக்கு வரும். காற்றடித்தது. மரமும் ஏணியும் அவளும் சேர்ந்து ஆடினார்கள்.

அந்த ஆட்டத்தில் மித்ரியின் குரல் ஞாபகம் வந்தது. தன் நாலு மரங்களைப் பற்றி அவனுக்கு இருந்த பெருமை நாற்பது மரக்காரனுக்கும் கிடையாது. "நோவாவுக்குப் புறா கொத்திட்டு வந்தது எந்த இலை? கேதுரு இலையா? ஆண்டவர் கடைசி ராத்திரி முழங்கால் போட்டது எந்த மரத்தடியில?" என்று வம்புக்கு இழுப்பான். அவனுக்கு மிகவும் பிடித்தது மரங்கள் ராஜா தேடிப் போன கதை. முதலில் ஒலிவ மரத்திடம்தான் போயினவாம். என் எண்ணெயை விட்டுவிட்டு மற்ற மரங்களுக்கு மேலே நின்று ஆடுவதற்கா வருவேன் என்று ஒலிவ மரம் மறுத்துவிட்டதாம். அத்திமரமும் மறுத்தது, திராட்சையும் மறுத்தது. கடைசியில் வருகிறேன் என்று சொன்னது முட்செடி ஒன்றுதான். "பெருமைன்னா அது, வர்தே! கொடுக்கிறதுக்கு ஒண்ணு கையில இருக்கிறவன் மேல ஏறி நின்னு ஆடமாட்டான்."

இப்போது மரத்துக்கு மேலே நின்று ஆடிக்கொண்டிருந்தது அவள்தான்.

"அக்கா! இன்னும் முடியலையா?"

கீழே கத்ரா நின்றிருந்தாள். அடிவாரத்து அகதி முகாமிலிருந்து வருடாவருடம் துணிப்பையோடு பொறுக்க வருகிறவள், முஸ்லிம். ஐந்து பிள்ளைகள், படுத்த படுக்கையாகக் கணவன். ஏணி கிடக்கிறதைப் பாதையிலிருந்து பார்க்காமல் அவள் ஒருநாளும் தோப்புக்குள் கால் வைத்ததில்லை. இன்றும் கீழ்ப்பாதையில் வரும்போதே, வர்தே நிறுத்துமுன் அது கிடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பாள்.

கத்ராவின் கண் ஒரு கணம் மண்ணில் ஏணி அழுந்திக் கிடந்த தடத்தில் போனது. உடனே வேறுபக்கம் பார்த்துக்கொண்டாள்.

"நான்தான் அவசரப்பட்டு வந்துட்டேன் போல. நீங்க பறிங்கக்கா. நாளைக்கு வர்றேன்" என்று பையைச் சுருட்டி இடுப்பில் செருகினாள்.

ஒரு சொல் குத்தலாகச் சொல்லியிருந்தால் வர்தே பதிலுக்கு இரண்டு சொல்லியிருப்பாள். அதற்குப் பிறகு பறிப்பதும் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் வர்தேயின் மானத்தைக் காப்பாற்றித் தந்துவிட்டு, வெறும் பையோடு இரண்டு மைல் இறங்கிப் போகத் திரும்பினாள் கத்ரா.

"நில்லு கத்ரா."

வர்தே ஒவ்வொரு படியாக இறங்கினாள். கூடையில் ஒரு காய்கூட இல்லை.

"நேத்தே முடிஞ்சிடுச்சு. இது உன் கிளை. ஏறிப் பறிச்சுக்கோ. ஏணிய நான் பிடிச்சுக்கிறேன்."

"ஐயோ, நானா? பொறுக்க வர்றவளுக்கு யாருக்கா ஏணி பிடிப்பாங்க?"

"நான் பிடிப்பேன். ஏறு."

கத்ரா ஏறினாள். மேலே இருந்து அவள் சிரிப்பு கேட்டது. "எப்பவும் உச்சாணிக் கிளை குருவிக்குத்தான் போகும்க்கா. கழிக்கு எட்டாது. இந்த வருஷம் குருவிதான் நம்மள சபிக்கப்போகுது!"

"எங்க வேதத்துல ஒருத்தன் மரத்துல ஏறி உக்காந்திருந்தான். சகேயுன்னு பேரு. ஆண்டவர் கீழ நின்னு, சீக்கிரம் இறங்கி வாடான்னார்."

"எதுக்கு ஏறினானாம்?"

"குள்ளன்."

"உங்கள மாதிரியா?"

"என்ன மாதிரியேதான்" என்றாள் வர்தே.

பை நிறைந்து, கூடையும் நிறைந்தது. கூடையைத் திருப்பிக் கொடுக்க மறக்காதே என்று மட்டும் வர்தே சொன்னாள். பிறகு இருவரும் ஏணியைப் பழையபடி தலைமாடு பாதையைப் பார்க்கக் கிடத்தினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வர்தே கறுப்பு உடுப்பின் மேல் கல்யாணத்துச் சால்வையைப் போட்டுக்கொண்டு, சாடியை இடுப்பில் ஏந்திக் கோயிலின் நடுப்பாதையில் போனாள். கோயில்பிள்ளை அஃப்தீம் நாணலை உள்ளே விட்டு அளந்தார். நாலு விரல் நனையாமல் வந்தது.

"குறையுதே அம்மா" என்றார் பாதிரியார் மெல்ல.

"குறையத்தான் செய்யுது சாமி. நிரப்பணும்னு ரெண்டாம் தடவை ஏணி வச்சேன். ஏறவும் ஏறினேன். அந்தக் கிளையைப் பறிச்சிருந்தா நிறைஞ்சிருக்கும். பறிக்கல. எங்க வீட்டு எண்ணெய் இவ்வளவுதான்." அவள் தலை குனியவில்லை. "முறை அடுத்த வீட்டுக்குப் போகணும்னா போகட்டும்."

கோயிலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தரையைப் பார்த்தார்கள். வயதில் மூத்தவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். எல்லா வீட்டிலும் காய்க்காத வருடத்தில் ஒருமுறை முறை வந்திருக்கிறது. எல்லாச் சாடியும் எப்படியோ கோடுவரை நிறைந்தும் இருக்கிறது.

பாதிரியார் ஹெலானேயின் கணவரைப் பார்த்தார். அவர் நிமிரவில்லை. ஹெலானேதான் எழுந்தாள்.

"எங்க வீட்டுக்கு முறை அடுத்த வருஷம் சாமி. இந்த வருஷம் இல்ல."

அஃப்தீம் தொண்டையைச் செருமினார். "விளக்குல அடியில தண்ணி, மேல எண்ணெய், எப்பவும் அப்படித்தானே ஊத்துறேன்? இந்த வருஷம் தண்ணிய ஒரு விரல் கூட்டிக்கிறேன். சாடி வருஷக் கடைசி வரைக்கும் எட்டிடும். கோட்டைக் கீறினது நம்ம தாத்தாமார். ஏணிச் சட்டம் யார் போட்டதுன்னு சாமிக்குத் தெரியும்."

பாதிரியார் சாடியை இரு கையாலும் வாங்கிக்கொண்டார். தீபம் ஏறியது. பூசையின் நடுவே, "உமது அடியான் மித்ரி" என்று கோயில் முழுக்கக் கேட்க வாசித்தார். வர்தே சால்வை நுனியைக் கண்ணுக்குக் கொண்டுபோகவில்லை. நிமிர்ந்தே நின்றாள்.

வெளியே வந்ததும் ஹெலானே பிடித்துக்கொண்டாள். "நாலு விரல் குறையாக் கொடுத்துட்டு, நடையப் பாரு! நாப்பது சாடி கொடுத்தவ மாதிரி!"

"உங்க தம்பி பொண்டாட்டி வேற எப்படி நடப்பா மதினி?"

நாத்தனாரின் கைக்குள் தன் கையைக் கோத்துக்கொண்டு இறங்கிப் போனாள் வர்தே. கோயில் மதிலோரத்தில் அவளுடைய கூடை கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.