இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்து

உள்ளே போய் சாவியைப் பற்றி மட்டும் பேசக் கூடாது என்று, நுகர்வோர் நீதிமன்ற வராந்தாவில் என் கட்சிக்காரர் சிலுவையம்மாளிடம் நூறாவது முறையாகச் சொன்னேன். தலையை ஆட்டினார். போன வாய்தாவிலும் இப்படித்தான் ஆட்டிவிட்டு, உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தையாக அதைத்தான் எடுத்தார். எதிர்த்தரப்பு வக்கீல் சிரிப்பை அடக்க முடியாமல் ஃபைலால் வாயை மூடிக்கொண்டார்.

வழக்கு ஒன்றும் சிக்கலானதில்லை. திருவொற்றியூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்கும்போது அவர் மகன் ஜெரிக்கு வலிப்பு வந்தது. மற்றவர்கள் பயப்படுகிறார்கள் என்று கடைக்காரர்கள் அவனைத் தூக்கி வாசற்படியில் கிடத்திவிட்டு உள்ளே போய்விட்டார்கள். 108-க்குக்கூடப் போன் செய்யவில்லை. துடித்ததில் படிகளில் உருண்டு வலது தோள் போயிற்று. காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கும் வேலையும் போயிற்று. வாடிக்கையாளருக்கு வைத்தியம் பார்ப்பது எங்கள் கடமை இல்லை என்கிறது கடை. வைத்தியத்தை யார் கேட்டது? ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, வரும்வரை பக்கத்தில் நின்றிருந்தால் போதாதா? இதைத்தான் நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

இந்த அம்மாவுக்கோ, சூப்பர்வைசர் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்துதான் குறை. அதை ஜெரியின் கையில் வைக்கச் சொல்லிக் காலைப் பிடித்துக் கேட்டாராம், மறுத்துவிட்டாராம். சாவியால் வலிப்பு நிற்காது என்று சொல்ல கடை ஒரு டாக்டரையே கூட்டி வந்துவிட்டது. பயனில்லாத ஒன்றைத் தராதது எப்படிக் குற்றமாகும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஜெயிக்க வேண்டிய கேஸை இவரே குழி தோண்டிப் புதைக்கிறார். எரிச்சலில் என் குரல் உயர்ந்துவிட்டது. கையில் இரும்பை வைத்தால் வலிப்பு நிற்கும் என்று இன்னுமா நம்புகிறீர்கள் என்று கேட்டேன்.

"நிக்காதுன்னு எனுக்கும் தெரியும் வக்கீலம்மா. அவன் சின்ன வயசுலேர்ந்து வச்சிகினுதான் கீறேன், ஒரு தபாகூட நின்னதில்ல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா சாவிய வைக்க வர்ற ஆளு எம்புள்ள கைய புடிச்சாவணும்ல? அதுக்கோசரம்தான் கேட்டேன். அவ்ளோ கூட்டத்துல நான் ஒருத்திதான் புடிச்சிகினு இருந்தேன்."

உள்ளிருந்து எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள். சாவியிலிருந்தே ஆரம்பியுங்கள் என்றேன்.

எதிர் பெஞ்சிலிருந்து சூப்பர்வைசரும் எழுந்தார். நாங்கள் பேசியது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். எழுந்த வேகத்தில் இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கியது. சத்தம் வராமல் அதைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் உள்ளே நடந்தார்.