வெளியே நின்ற ஓட்டு

பன்னிரண்டு வருடம் பஸ் ஓட்டியவர் மாகாண சபைக்குப் போனால் என்ன பெயர் வைப்பார்கள்? டிரைவர்தான். சொந்தக் கட்சியும் அப்படித்தான் கூப்பிட்டது, எதிர்த்தரப்பும் அப்படித்தான். பிழைக்க வந்த நாட்டில் இரண்டு முறை ஜெயித்தவருக்கு அது ஒரு குறையாகப் படவில்லை.

இன்று அவர் சபை மண்டபத்துக்கு வெளியே நின்று இருபதாவது தடவையாக ஒரே எண்ணுக்குப் போன் போட்டார். அணைத்து வைத்திருந்தார்கள். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது.

அந்தச் சபையில் எழுதி வைக்காத வழக்கம் ஒன்று உண்டு. அந்தப் பக்கம் ஒருவருக்கு வீட்டில் ஆபத்தென்றால், இந்தப் பக்கம் ஒருவர் அன்று ஓட்டுப் போடாமல் வெளியே இருப்பார். ஜோடி கட்டுவது என்று பெயர். கையெழுத்துக் கிடையாது, வாய்ச்சொல்தான். கொடுத்த வாக்கிலிருந்து கேட்டவரே விடுவித்தால்தான் உள்ளே போகலாம். டிரைவரோடு முதலில் யாரும் ஜோடி கட்டவில்லை. வந்தேறி, எவ்வளவு தூரம் நம்புவது? அவருடைய அம்மா செத்த செய்தி வந்த அன்று ஆளுங்கட்சிப் பல் டாக்டர் ஒருவர்தான் தானாக வந்து, "நீங்க போய்ட்டு வாங்க, நான் வெளிய இருக்கேன்" என்றார்.

போன வாரம் அந்த டாக்டரின் அப்பாவுக்கு ஆபரேஷன் தேதி குறித்தார்கள். டிரைவர் யோசிக்காமல் வாக்குக் கொடுத்தார். அன்றைய பட்டியலில் சாக்கடைக் குழாய்ச் சட்டம் மட்டும்தான் இருந்தது. நேற்று மாலை ஆளுங்கட்சி பட்டியலை மாற்றிப் புதுச் சட்டம் ஒன்றை நுழைத்துவிட்டது. குடியுரிமைக் காகிதம் வராதவர்கள் முதியோர் இல்லங்களில் வேலை பார்க்கக் கூடாதாம், நாளை முதல்.

டிரைவரின் அக்கா காகிதம் ஒன்பது வருடமாக ஏதோ ஒரு மேஜையில் தூங்குகிறது. முதியோர் இல்லத்தில் கிழங்களைக் குளிப்பாட்டித்தான் அவளும் அவளுடைய இரண்டு மகள்களும் சாப்பிடுகிறார்கள். வேலை போனால் விசாவும் போகும். இரண்டு தேர்தலிலும் கால் வீங்க வீடு வீடாக ஏறித் தம்பிக்கு ஓட்டுக் கேட்டவள். இப்போது மேலே பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

மணி அடித்தது. கட்சிக் கொறடா ஓடிவந்தார்.

"எண்ணிப் பாத்துட்டேன் டிரைவர். அவங்க நாப்பது, நாம முப்பத்தொம்பது. நீ வந்தா சமம். சமம்னா சட்டம் செத்துச்சு. வாய்யா உள்ள!"

"வாக்குக் குடுத்திருக்கேனே."

"வாக்காவது வெங்காயமாவது! அவங்க ஏமாத்தலாம், நீ மட்டும் அரிச்சந்திரனா?"

"டாக்டருக்கு இது தெரியாதுங்க. அவர் ஆஸ்பத்திரியில இருக்கார், போனும் அணைஞ்சு கெடக்கு."

டிரைவர் கதவுப் பிடியைத் தொட்டுவிட்டார். கையை எடுத்துக்கொண்டார். அவரைச் சத்தியவான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், பயம்தான். இந்த ஊர்க்காரன் சொல் தவறினால் அவன் ஒருவன் பொய்யன். இவர் தவறினால், 'இந்த வந்தேறிகளே இப்படித்தான்' என்பார்கள். அடுத்து வருகிற எவனோடும் யாரும் ஜோடி கட்ட மாட்டார்கள். அக்கா, அக்கா என்று மனம் அடித்துக்கொண்டது. உள்ளே போய்விடு என்று கால் சொன்னது. காவலர் வந்து கதவைச் சாத்தும்வரை அவர் அங்கேயே நின்றார்.

நாற்பது, முப்பத்தொன்பது. சட்டம் நிறைவேறியது.

அக்கா படியிறங்கி வருவதற்குள் போன் அடித்தது. பல் டாக்டர்.

"அப்பா பொழச்சுட்டாருங்க! இப்பதான் போனையே தொட்டேன். என்ன, இத்தன தடவ கூப்பிட்டிருக்கீங்க?"

டிரைவர் சொன்னார்.

"அடக் கடவுளே, அந்தச் சட்டமா? நீங்க பாட்டுக்கு உள்ள போயிருக்க வேண்டியதுதானே! நான் என்ன தப்பாவா நெனைச்சிருப்பேன்?"

"அப்பாவ நல்லாப் பாத்துக்குங்க" என்று சொல்லி வைத்தார்.

அக்கா எதிரே நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"உன் நாற்காலியையே பாத்துட்டிருந்தேன்டா" என்றாள். பிறகு பையிலிருந்து வேலைச் சீருடையை எடுத்துக் காட்டினாள். "துவைச்சு இஸ்திரி போட்டு வச்சிருக்கேன். நாளைக்குக் காலையில ஆறு மணி ஷிப்ட்டு. போகவா, வேண்டாமா?"

புதுச் சட்டத்தை அக்காவுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

"போகாதக்கா" என்றார்.